வாசலில் கட்டில், மடியில் லேப்டாப்: கொங்கு வானத்தை ஸ்டெல்லேரியத்தில் படிக்க ஒரு முழு வழிகாட்டி

2020 டிசம்பர் 21. வியாழனும் சனியும் வானத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்ற சாயங்காலம். இரண்டுக்கும் நடுவே ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் இடைவெளி. நரசீபுரம் பக்கம் மாமா தோட்டத்துக்குச் சொந்தபந்தம் அத்தனை பேரையும் வரச் சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கு மேல்தான் கோள்கள் மறையும் என்று லேப்டாப்பில் பார்த்து வைத்திருந்ததால் அவசரமே இல்லை. காபி, முறுக்கு, ஊர்க்கதை எல்லாம் முடித்து ஏழரை மணிக்குக் களத்துக்கு வந்தோம். மேற்கே மலை கன்னங்கரேலென்று நின்றது. வியாழனையும் காணோம், சனியையும் காணோம். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “ஏன் மாப்ள, உன்ற கம்ப்யூட்டருக்கு வெள்ளியங்கிரி மலை இருக்கறதே தெரியாதாட்ட இருக்குது?”

அவர் சொன்னது சரி. எந்த நாள், எந்த நேரத்து வானத்தையும் திரையில் வரைந்து காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற அந்த மென்பொருளுக்கு வானம் அத்துப்படி. நம் ஊர்தான் அதற்குத் தெரியாது. ஊரைச் சொல்லிக் கொடுப்பதே பாதி வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் மெனு பட்டன்களை விட அந்த வேலைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை இறக்குவது

ஸ்டெல்லேரியம் போதும். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய இலவச, திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஸ்டெல்லேரியம் டாட் ஆர்க் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவியதும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் கையில் இருக்கும். கூடுதல் பட்டியல்களை இறக்கினால் எண்ணிக்கை 17 கோடியைத் தாண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரிவது சில ஆயிரம்தான் என்பதால் தொடக்கத்தில் அந்தக் கோடிகளுக்கு ஆசைப்பட வேண்டாம். லேப்டாப் பழசாகித் திணறினால் ஸ்டெல்லேரியம்-வெப் டாட் ஆர்க் என்று உலாவியிலேயே திறக்கலாம். வசதிகள் குறைவு, ஆனால் பழகிக்கொள்ளப் போதும். செல்போன் செயலியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதில் தொடங்காதீர்கள்.

முதலில் ஊர்

திறந்ததும் எஃப்6 விசையை அழுத்துங்கள். இடம் கேட்கும் பெட்டி வரும். இணையத்தை வைத்துத் தானாகவே இடம் எடுத்துக்கொள்ளும் டிக் ஒன்று அதில் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இணைய இணைப்பு எந்த ஊர் வழியாக வருகிறதோ அந்த ஊரை அது பிடித்துக்கொள்ளும். எனக்கு முதல் மாதம் முழுக்கச் சென்னை வானம்தான் ஓடியிருக்கிறது. சென்னைக்கும் கோவைக்கும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய 3.3 டிகிரி வித்தியாசம். அதாவது எல்லா உதயமும் எல்லா உச்சியும் சுமார் 13 நிமிடம் தள்ளிப்போகும்.

கோவைக்கு வடக்கு 11.02, கிழக்கு 76.96. ஈரோட்டுக்கு 11.34, 77.72. கரூருக்கு 10.96, 78.08. தாராபுரத்துக்கு 10.73, 77.52. உங்கள் தோட்டத்துக்கே துல்லியமாக வேண்டுமென்றால் செல்போன் மேப்பில் விரலை அழுத்திப் பிடித்தால் எண் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேப் தருவது தசம எண். ஸ்டெல்லேரியத்தின் பெட்டி டிகிரி, நிமிடம், நொடி என்று கேட்கலாம். ஈரோட்டின் 11.34ஐ 11 டிகிரி 34 நிமிடம் என்று அடித்துவிடாதீர்கள். அது 11 டிகிரி 20 நிமிடம். நேர வலயம் ஏசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, இதையே வழக்கமான இடமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த முறை திறக்கும்போது மறுபடியும் வேறு ஊரில் நிற்பீர்கள்.

இடம் சரியாக உட்கார்ந்ததா என்று சோதிக்க நல்ல வழி சூரியன்தான். எஃப்5 அழுத்தி ஏதாவது ஏப்ரல் 18 பகலுக்குப் போய்ச் சூரியனைச் சொடுக்குங்கள். இடது மூலையில் வரும் தகவலில் உச்சியைக் கடக்கும் நேரம் இருக்கும். கோவைக்கு 12 மணி 21, 22 நிமிடம் என்று காட்ட வேண்டும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துப் போட்டது. நாம் அதற்கு ஐந்தரை டிகிரி மேற்கே இருக்கிறோம், டிகிரிக்கு 4 நிமிடம், அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு உயரம் ஏறக்குறைய 90 டிகிரி காட்டும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாத நாள் நமக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் வரும். வாசலில் ஒரு கடப்பாரையை நேராக நட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு மலை

திரையில் புல்லும் மரமும் வீடுமாகத் தெரிகிற தரை நம் ஊரே அல்ல. குவெரான் என்ற பிரான்சு கிராமத்தின் படம் அது. எஃப்4 அழுத்தி நிலக்காட்சிப் பகுதிக்குப் போய் ‘ஜீரோ ஹொரைசன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுத்தமான அடிவானம் கிடைக்கும். திசைக்கோணமும் உயரமும் எழுதிய ஒரு சின்னக் கோப்பை வைத்து உங்கள் மலை வரிசையையே அதில் ஏற்றவும் வழி உண்டு. ஆனால் நான் ஒரு குயர் நோட்டிலேயே முடித்துக்கொண்டேன்.

கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. நடு மூன்று விரல் சேர்ந்தால் 5. சுண்டுவிரல் மட்டும் 1. நீங்கள் பார்க்கப்போகும் இடத்தில் நின்று எட்டுத் திசைக்கும் தடை எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். பல்லடம் பக்கம் எங்கள் வாசலுக்கு நான் எழுதி வைத்திருப்பது இப்படி: மேற்கே பக்கத்துக் காட்டுக் கோழிப்பண்ணைக் கூரை, அரை முஷ்டி. தெற்கே தென்னை, இரண்டு முஷ்டி. வடக்கே ஒன்றும் இல்லை. தென்கிழக்கே தெருவிளக்கு, அந்தப் பக்கமே ஆகாது.

ஸ்டெல்லேரியத்தில் எந்த மீனைச் சொடுக்கினாலும் அதன் திசைக்கோணமும் உயரமும் வரும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. அந்த உயரத்தை நோட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்தால் தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம். மலையடிவாரத்துக்காரர்களுக்கு இது கட்டாயம். தொண்டாமுத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்கும், ஆனைமலைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெற்கும் கணிசமாகக் குறையும். கரூர், வெள்ளகோயில் ஆட்களுக்குச் சுற்றிலும் திறந்த வானம். கொடுத்து வைத்தவர்கள்.

கைக்கு வர வேண்டிய விசைகள்

மவுஸைக் கீழ் இடது மூலைக்குக் கொண்டுபோனால் இரண்டு பட்டைகள் எட்டிப் பார்க்கும். எல்லாம் அவற்றில் இருக்கிறது. ஆனாலும் விசைகள் வேகம். ‘சி’ அழுத்தினால் விண்மீன் குழுக்களின் கோடுகள், ‘வி’ அழுத்தினால் அவற்றின் பெயர்கள். ‘ஏ’ வளிமண்டலத்தை எடுத்துவிடும், பட்டப்பகலிலும் மீன்கள் தெரியும். ‘ஜி’ தரையையே எடுத்துவிடும், காலுக்குக் கீழே இருக்கும் வானமும் தெரியும். எஃப்3 தேடல். எதையாவது சொடுக்கி ஸ்பேஸ் விசையைத் தட்டினால் அது நடுவுக்கு வரும். மவுஸ் சக்கரம் உருட்டினால் பெரிதாகும். கன்ட்ரோலோடு ‘என்’ சேர்த்தால் திரை முழுக்கச் சிவப்பாகும். வெளியே போகும்போது அது இல்லாமல் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது.

காலத்தை ஓட்ட மூன்று எழுத்துகள் போதும். ‘எல்’ வேகப்படுத்தும், ‘ஜே’ குறைக்கும், ‘கே’ இயல்பு வேகத்துக்குக் கொண்டுவரும். எண் 8 தட்டினால் இந்த நிமிடத்துக்கு வந்துவிடும். சமக்குறி ஒரு நாள் முன்னே, கழித்தல் குறி ஒரு நாள் பின்னே.

எஃப்4இல் ஒளி மாசுக்கு ஒரு அளவு உண்டு, 1 முதல் 9 வரை. கோவை, திருப்பூர் நடுவே என்றால் 8 வைத்துப் பாருங்கள். தோட்டங்காட்டுக்கு 4 அல்லது 5. இதை மாற்றாமல் விட்டால் திரையில் பால்வீதி ஓடும், மொட்டைமாடியில் நாலே நாலு மீன் தெரியும், மென்பொருள் ஏமாற்றுகிறது என்று தோன்றும்.

முதல் பயிற்சி: வடக்கே ஒரு முஷ்டி

வடக்கே திரும்பி ‘எல்’ விசையை நாலைந்து தடவை தட்டுங்கள். வானமே செக்கு மாதிரி சுற்றும். நடுவில் ஒன்று மட்டும் அசையாது, துருவ நட்சத்திரம். சொடுக்கினால் உயரம் சுமார் 11 டிகிரி. உங்கள் ஊரின் அட்சரேகையும் அதேதான். துருவ மீனின் உயரமும் ஊரின் அட்சரேகையும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கொங்கில் அது வடக்கு அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி.

இந்தப் பதினொரு டிகிரியை மண்ணிலேயே பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறுங்கள். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் சுவரூப் குழுவினர் அதை வடக்கு தெற்காக, ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவாகத் தேடிப்பிடித்து அமைத்தார்கள். சரிவும் அட்சரேகையும் ஒன்றானதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினாலே, ரேடியோ அலை அனுப்பும் வானத்துப் பொருள் ஒன்றை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. 1970 முதல் அப்படித்தான் ஓடுகிறது.

பெயர் தேடுவது

தேடல் பெட்டி ஆங்கிலப் பெயரைத்தான் எதிர்பார்க்கும். நமக்கு ஜாதகத்திலிருந்து தெரிந்த பெயர்களை அதற்குப் பொருத்திக்கொள்ளுங்கள். கார்த்திகை என்பது பிளியடீஸ் கொத்து. ரோகிணி அல்டெபரான். திருவாதிரை பெட்டல்ஜியூஸ். புனர்பூசம் கேஸ்டர், போலக்ஸ் ஜோடி. மகம் ரெகுலஸ். சித்திரை ஸ்பைகா. சுவாதி ஆர்க்டியூரஸ். கேட்டை ஆன்டாரெஸ். திருவோணம் ஆல்டேர். அகத்தியர் கனோபஸ். எஃப்4இல் வான் பண்பாடு என்ற பகுதியில் இந்திய வேதகாலத் தொகுதி ஒன்றும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் மேலை நாட்டு வரிசைக்குப் பதில் நம் நட்சத்திரப் பெயர்கள் வரும்.

ஒன்றை மனதில் வையுங்கள். இது பட்டியலை வைத்து வரைகிற படம், கேமரா அல்ல. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு மங்கிப்போனது. வாசலில் நின்று பார்த்தால் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். திரையில் அது எப்போதும் போலவே பளிச்சென்று இருந்தது.

தைப்பூசத்து நிலா

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு இது பிடிக்கும். எஃப்5இல் 2025 பிப்ரவரி 11, இரவு 8 மணி என்று வையுங்கள். அன்று தைப்பூசம். கிழக்கே நிலாவைச் சொடுக்கிப் பெரிதாக்குங்கள். கடக ராசியில், பூசத்தின் மங்கிய மீன்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நிலா வெளிச்சத்தில் அந்த மீன்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் புனர்பூச ஜோடியும் மறுபக்கம் மகமும் இருக்க, நடுவே வெறிச்சோடிக் கிடப்பது போன்ற இடம்தான் பூசம். நடந்து போகும்போது பையில் பைனாகுலர் இருந்தால் நல்லது. திருக்கார்த்திகை நிலாவையும் மார்கழித் திருவாதிரை நிலாவையும் இதே மாதிரி சோதிக்கலாம்.

அருந்ததி தெரியுதா?

கல்யாணத்தில் அருந்ததி காட்டுவார்கள். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் பளீரென்ற பகலில் மேலே பார்த்துத் தலையாட்டுவார்கள். எங்கே காட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன், திரையிடம்.

அருந்ததி என்பது ஆல்கோர். சப்தரிஷி மண்டலத்து வால் பகுதியில் நடு மீனான வசிட்டருக்கு, அதாவது மிசாருக்கு, ஒட்டினாற்போல் இருக்கும். இடைவெளி 12 கலை (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை), நிலாவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. தேடல் பெட்டியில் ஆல்கோரைப் பிடித்து, நேரத்தை ஜனவரி 25 காலை 6 மணிக்கு வைத்தேன். தை முகூர்த்தக் காலம். அருந்ததி ஏறக்குறைய நேர் வடக்கே, 46 டிகிரி உயரத்தில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் சரிபாதியில் இருந்தது. சூரியன் உதிக்க முக்கால் மணி நேரம் இருப்பதால் மண்டபத்து விளக்குகளை விட்டுத் தள்ளி நின்றால் நிஜமாகவே தெரியும். அடுத்து ஆகஸ்ட் 25 காலை 6 மணி, ஆவணி முகூர்த்தம். உயரத்துக்கு முன்னால் கழித்தல் குறி. ‘ஜி’ தட்டித் தரையை எடுத்தால் காலுக்கடியில் இருக்கிறது. எட்டரை மணி வாக்கில்தான் உதிக்கும். ஆவணியில் மேலே பார்த்துத் தலையாட்டியவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை, எங்கள் கல்யாணமும் ஆவணியில்தான்.

திரையை மூடிவிட்டு வெளியே

மாலையில் வீட்டுக்குள் உட்கார்ந்து பத்து நிமிடம் திட்டம் போடுங்கள். மூன்றே மூன்று பொருள் போதும். பெயர், நேரம், திசை, முஷ்டி எண்ணிக்கை என்று நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு லேப்டாப்பை மூடிவிட்டு வாருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் வாட்ஸ்அப் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து படுப்பதுதான் சரியான நிலை. நின்று பார்த்தால் அரை மணியில் கழுத்து கேட்கும்.

நமக்கு நல்ல வானம் தை முதல் பங்குனி வரை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகமும் காற்றும் கொட்டும். அம்மியே பறக்கிற காற்றில் டிரைபாட் எம்மாத்திரம்? ஐப்பசி, கார்த்திகையில் மழை.

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே திரும்புங்கள். 26 டிகிரியில், அதாவது இரண்டரை முஷ்டியில் அகத்தியர். எங்கள் தென்னைக்கு மேல் அரை முஷ்டி இடைவெளியில் தப்பித்து நிற்கும். அதற்கு வெகு மேலே, ஆறு முஷ்டிக்கும் கொஞ்சம் கூட, வானத்தின் மிகப் பிரகாசமான மீனான சிரியஸ். மே நடுவில், மழை மேகம் விட்டால், 9 மணிக்குத் தெற்கே தென்சிலுவை, அடுத்த ஒரு மணி நேரத்தில் அதற்கு இடது மேலே மூன்று முஷ்டி உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து. பைனாகுலரில் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். துருவ மீனையும் தென்சிலுவையையும் ஒரே வாசலிலிருந்து பார்க்கிற பாக்கியம் லண்டன்காரருக்கும் இல்லை, சிட்னிக்காரருக்கும் இல்லை.

செல்போன் செயலியை இந்த இடத்தில் எடுக்கலாம். ஸ்டெல்லேரியத்துக்கே செல்போன் பதிப்பு உண்டு. வானத்தை நோக்கிப் பிடித்தால் பெயர் சொல்லும். ஆனால் அதன் திசைகாட்டி பைக், தகரக் கூரை, மோட்டார் ரூம் பக்கம் போனால் தடுமாறும். எட்டுப் போடுவது போல் போனைச் சுழற்றிச் சரிசெய்து, நிச்சயமாகத் தெரிந்த ஒரு மீனை வைத்துச் சோதித்த பிறகு நம்புங்கள். விண்வெளி நிலையம் கடப்பதைப் பார்க்க ஸ்டெல்லேரியத்தில் செயற்கைக்கோள் செருகுநிரல் (பிளக்-இன்) இருக்கிறது. அதன் சுற்றுப்பாதைத் தரவை அன்றன்றைக்குப் புதுப்பிக்க வேண்டும். பழைய தரவை நம்பி நின்றால் கொசுக்கடிதான் மிச்சம்.

நடந்ததும் நடக்கப்போவதும்

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கோவை, ஈரோடு, கரூர் வழியாக வளையச் சூரிய கிரகணம் கடந்து போனது. நிலா நடுவை மறைக்க, சூரியனின் ஓரம் மட்டும் மோதிரமாகத் தெரிகிற கிரகணம் அது. அன்று மேகத்தில் கோட்டை விட்டவர்கள் எஃப்5இல் காலை 8 மணிக்கு வைத்து, சூரியனை நடுவுக்குக் கொண்டுவந்து பெரிதாக்கி, ‘எல்’ இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். மோதிரம் முழுசாக உருவாகி உடைவதைப் பார்க்கலாம். இடத்தைச் சென்னைக்கு மாற்றினால் மோதிரம் சேராது, பிறைதான்.

எஃப்10 அழுத்தினால் வரும் கணக்குப் பெட்டியில், புதிய பதிப்புகளில், கிரகணங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அடுத்து தென்னிந்தியாவைக் கடக்கிற வளைய கிரகணம் 2031 மே 21. அந்தத் தேதியில் நண்பகல் முதல் காலத்தை ஓட்டுங்கள், உங்கள் ஊரில் மோதிரம் சேர்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் எஃப்6இல் தெற்கே ஒவ்வொரு ஊராக இறங்கி, எங்கே சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் நமக்கு யார் சொந்தம் என்று இப்போதே விசாரித்து வைப்பது நல்லது. கிரகணக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று, பழைய எக்ஸ்ரே படமெல்லாம் கூடாது. மாமாவுக்கு நான் சொல்லிவிட்டேன். “மலை இல்லாத ஊராப் பாரு மாப்ள” என்றார்.